கீபோர்ட்காரற்ற ராக்குக்கு கனெக்சன் பனல் கட்டுறது எப்பிடி

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா எழுதிப்போட்டு பதிலுக்கு வாறன், மற்றாக்களுக்கும் விளங்கோணும். திருகோணமலையில ஒரு இசைக்குழுவில கீபோர்ட் வாசிக்கிறீங்க, 12யூ ராக் (சாமான்களை அடுக்கிப் பூட்டுற பெட்டி, யூ எண்டது அதின்ர உயர அளவு) ஒண்டு எடுத்திருக்கிறீங்க, அதுக்குள்ள பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மிக்சர், நாலு இன்இயர் (காதுக்குள்ள வச்சுக் கேட்கிற) ட்ரான்ஸ்மிட்டர், ஒரு ரூட்டர். கோயில் திருவிழாவோ கல்யாண மண்டபமோ, போற இடமெல்லாம் எல்லா வயரையும் நேரா மிக்சரிலயே குத்தி, முடிய கழட்டி, அதிலயே நேரம் போகுது, இப்ப ரெண்டு சொக்கெட் லூசாவும் வந்திட்டுது. 48 பொயின்ட் பேட்ச்பே (வயரை மாத்தி மாத்திக் கொழுவுற ஜாக் பலகை) வாங்கிறதா, இல்லாட்டி வரிசையா ஓட்டை போட்ட பனல் எடுத்து சொக்கெட் பூட்டுறதா, பிறகு அந்த "உம்ம்" எண்ட இரைச்சல் பனல் போட்டா போகுமா, இதுதான் உங்கட கேள்வி.

மேடைக்குப் போற ராக்குக்கு ஓட்டைப் பனல்தான். பேட்ச்பேயை வீட்டில ரெக்கோர்டிங் மேசையில வையுங்கோ. இரைச்சல் பனலால போகாது, ஆனா பனல் கட்டேக்க எர்த்தை ஒழுங்கா யோசிச்சுக் கட்டினா போகும், யோசிக்காமக் கட்டினா இப்ப இருக்கிறதை விட கூடும். இது மூண்டையும் ஏன் சொல்லுறன் எண்டு விரிவா எழுதுறன்.

முதல்ல பேட்ச்பே. ஒரு யூ உயரத்தில மேல 24 கீழ 24 எண்டு கால் இஞ்சி ஜாக் ஓட்டை இருக்கும், பின்னாலயும் அதேமாதிரி. மேல் வரிசைக்கு சாமான்களின்ர அவுட்புட், கீழ் வரிசைக்கு இன்புட். பெஹ்ரிங்கர் பிஎக்ஸ்3000 மாதிரியானதுகளில ஒவ்வொரு சோடிக்கும் மேல ஒரு சின்ன ஸ்விச் இருக்கும், அதில நோர்மல், ஹாஃப் நோர்மல், பரலல் எண்டு தெரிவு செய்யலாம். ஹாஃப் நோர்மலில முன்னால ஒண்டும் குத்தாட்டி மேல இருந்து கீழ சிக்னல் தானா ஓடும், மேல குத்தினா ஓட்டம் நிக்காது ஒரு கிளை மட்டும் எடுக்கலாம், கீழ குத்தினா பழைய ஓட்டம் அறுந்து நீங்க குத்தினது உள்ள போகும். ஸ்டூடியோவில கம்ப்ரசரையும் எஃபெக்டையும் நாளுக்கொரு விதமா மாத்தி மாத்திக் கொழுவ இதை விட்டா வேற வழியில்லை, அவ்வளவு நல்ல சாமான். ஆனா அந்தத் தானா ஓடுற ஓட்டம் நடக்கிறது உள்ளுக்குள்ள ரெண்டு மெல்லிய தகடு ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டு நிக்கிறதாலதான். மாசக்கணக்கா ஒருத்தரும் ஜாக் குத்தி அசைக்காட்டி அந்தத் தொடுகையில மெல்லிசா ஒரு படலம் பிடிக்கும். எங்கட ஊர் என்ன ஊர், ஒரு பக்கம் டச்சு விரிகுடா, மற்றப் பக்கம் பின் விரிகுடா, நடுவில நாங்க. உவர்மலையில வச்சாலும் உப்புக்காத்து வரும், கார்த்திகை மார்கழி மழையில ஈரமும் சேரும். படலம் பிடிச்ச தொடுகை ஒரேயடியா சாகாது, அதுதான் கொடுமை. முதல்ல சத்தம் மெல்லிசாகும், பிறகு கரகரக்கும், ஆரும் மேடையில குதிச்சா திரும்பி வரும். எங்க பிழை எண்டு நிகழ்ச்சிக்கு நடுவில தேடவே ஏலாது. அதோட பேட்ச்பே ஜாக்குக்கு பூட்டு இல்லை, காலில தட்டினா கழண்டுடும். வீட்டில வச்சிருக்கிற பேட்ச்பேயையும் இடைக்கிடை எல்லா ஓட்டைக்கும் ஜாக் ஒண்டை ரெண்டுதரம் குத்தி எடுத்து விடுங்கோ, அந்த உரசல்தான் அதுக்கு மருந்து.

இன்னொண்டு, சில மைக் வேலை செய்ய மிக்சர் அதே வயரால அனுப்புற 48 வோல்ட் ஃபான்டமை ஜாக் பேட்ச்பேக்குள்ளால விடவே கூடாது. ஜாக் உள்ள போகேக்க நுனி, வளையம், உடம்பு மூண்டும் போற வழியில மாறி மாறி தொட்டுக்கொண்டுதான் போகும், அந்த நேரம் 48 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். மைக் வயரில வாற எக்ஸ்எல்ஆர் பிளக்கில அந்தப் பிரச்சினை இல்லை, மூண்டு பின்னும் தனித்தனி வழி.

சரி, ஓட்டைப் பனலுக்கு வருவம். ஏன் பனல் எண்டா, மிக்சரின்ர சொக்கெட்டுகள் உள்ளுக்க இருக்கிற போர்டில நேரா சோல்டர் பண்ணினது. அதில ஆரும் வயரை இழுத்தா போர்ட் வெடிக்கும், மிக்சரைக் கழட்டோணும், திருத்திறவர் கிடைக்கோணும். பனலில இருக்கிற சொக்கெட் பழுதானா ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி புதுசு பூட்டலாம், மண்டபத்து வாசலிலயே செய்யலாம். தேய்மானம் எல்லாத்தையும் விலை குறைஞ்ச இடத்துக்கு தள்ளி விடுறம். வயர் குத்துற நேரம் மிஞ்சுறது அதுக்குப் பிறகு கிடைக்கிற லாபம்.

இந்தப் பனலில வாற ஓட்டைக்கு டி சைஸ் எண்டு பேர். நியூட்ரிக் கொம்பனி டி சீரீஸ் எண்டு செய்த அளவு, இப்ப எல்லாரும் அதையே செய்யினம். 24 மில்லிமீட்டர் வட்டம், மூலைக்கு மூலை ரெண்டு ஸ்க்ரூ, அதுகளுக்கிடையில அகலம் 19, உயரம் 24 மில்லிமீட்டர். எக்ஸ்எல்ஆர், ஜாக், ஸ்பீக்கோன், நெட்வேர்க், யூஎஸ்பி எல்லாம் இதே ஓட்டைக்கு வருது, அதால இண்டைக்கு மைக் இருந்த ஓட்டையில நாளைக்கு வேற ஒண்டு பூட்டலாம். பனல் அகலம் ஸ்க்ரூ காதோட சேத்து 19 இஞ்சி, எண்டா 482.6 மில்லிமீட்டர், ஒரு யூ உயரம் 44.45. கடையில 8 ஓட்டை, 12 ஓட்டை, 16 ஓட்டை எண்டு இருக்கும். 16 எடுக்காதேங்கோ. சொக்கெட் ஒண்டின்ர அகலமே 26 மில்லிமீட்டர், 16ஐ நெருக்கி வச்சா இருட்டில எக்ஸ்எல்ஆரின்ர கிளிப்பை அமத்தி இழுக்க விரல் போகாது. 12தான் கைக்கு சரி.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு பக்கம் போனா எலெக்ட்ரோனிக் சாமான் கடையள் கனக்க இருக்கு, போறாக்களிட்ட சொல்லிவிடலாம். பனல் தகட்டை மட்டும் எங்கட ஊர் பட்டறையிலயும் வெட்டலாம், 2 மில்லிமீட்டர் அலுமினியம் காணும், 24 மில்லிமீட்டர் ஓட்டை வெட்டுற ஹோல்சோ வச்சிருக்கிற ஆளா பாருங்கோ, உயரத்தை 44க்கு ஒரு துளி குறைச்சு வெட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி மேல கீழ இருக்கிற சாமானோட இறுகும். சொக்கெட்டில காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். நியூட்ரிக் பேர் பொறிச்ச போலியும் சந்தையில இருக்கு, மலிவா இருந்தா யோசியுங்கோ. அதோட எங்கட காத்துக்கு தங்கப்பூச்சு பின் இருக்கிறதையே எடுங்கோ. வெள்ளிப்பூச்சு கறுக்கும், ஸ்பீக்கர் அளவு கரண்ட் ஓடுற இடத்தில அது பெரிசா தெரியாது, மைக் சிக்னல் எண்டுறது சில மில்லிவோல்ட், அதுக்கு அந்தக் கறுப்பே ஒரு மதில்.

இப்ப உங்கட குழுவை எண்ணிப் பாப்பம். ரெண்டு கீபோர்ட், ஒவ்வொண்டும் லெஃப்ட் ரைட், நாலு. ஒக்டபாட் (தட்டி வாசிக்கிற எலெக்ட்ரோனிக் தாளக்கருவி) ரெண்டு. கிற்றார் ஒண்டு, பேஸ் ஒண்டு. அப்ப ஜாக் எட்டு. பாடுறாக்கள் நாலுபேருக்கும் தபேலாவுக்கு ரெண்டும் எண்டா மைக் எக்ஸ்எல்ஆர் ஆறு. மொத்தம் 14 உள்ள வருது. எக்ஸ்ஆர்18இல மைக் ப்ரீ (மைக்கின்ர மெல்லிய சிக்னலைப் பெருக்கிற பகுதி) உள்ள இன்புட் 16, அதுக்கு மேல 17, 18 எண்டு லைன் ரெண்டு, அதால இடம் தாராளம். லப்டொப் ட்ராக் யூஎஸ்பியாலயே மிக்சருக்குள்ள போகும், அதுக்கு ஜாக் தேவையில்லை. வெளிய போறது மெயின் லெஃப்ட் ரைட் ரெண்டு, தரை மொனிட்டர் ஸ்பீக்கருக்கு ஓக்ஸ் (தனியா மிக்ஸ் பண்ணி அனுப்புற அவுட்) ரெண்டு. மிச்ச நாலு ஓக்ஸும் ராக்குக்குள்ளயே இன்இயர் ட்ரான்ஸ்மிட்டருக்கு போகுது, அதை ஏன் பனலுக்கு கொண்டு வாறது, உள்ளுக்கயே கட்டி விடுங்கோ. இதில கனபேர் பிழை விடுறவை, இருக்கிற எல்லாத்தையும் பனலுக்கு கொண்டுவரோணும் எண்டு நினைக்கினம். மேடையில ஆரின்ர கை ஒண்டைக் குத்தப் போகுதோ அது மட்டும் வெளிய வரோணும். தொடுகை ஒண்டு கூடினா பழுதுக்கு ஒரு இடம் கூடும்.

அப்ப முதல் பனல் 12 ஓட்டை: மைக் 6, அவுட் 4, நெட்வேர்க் 1, யூஎஸ்பி 1. கணக்கு சரி. ரெண்டாவது பனல் 12 ஓட்டை: ஜாக் 8, மிச்சம் 4 ஓட்டையும் வெறும் மூடியால அடைச்சு விடுங்கோ, குழு வளரும். உள்ள வாறதுக்கு பெண் எக்ஸ்எல்ஆர், வெளிய போறதுக்கு ஆண் எக்ஸ்எல்ஆர், இதை மாத்திப் போட்டா சவுண்ட்காரர் குழம்புவார். யூஎஸ்பி 2க்கு மொத்த நீளம் 5 மீட்டருக்கு மேல போகக்கூடாது, பனலுக்கு உள்ளுக்கும் வெளியாலயும் ஓடுற ரெண்டு துண்டையும் கூட்டித்தான் அந்த 5.

எக்ஸ்எல்ஆரும் ஜாக்கும் ஒரே ஓட்டையில போகிற கொம்போ சொக்கெட்டை எல்லாத்துக்கும் போட்டா ஓட்டை மிச்சம்தானே எண்டு நீங்க கேட்பீங்க. வேண்டாம் தம்பி, இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ. மிக்சரில இருக்கிற கொம்போவில ஜாக்குக்கு உள்ளுக்க வேற வழி இருக்கு. பனலில நீங்க பூட்டுற கொம்போவுக்கு பின்னால போறது ஒரே ஒரு எக்ஸ்எல்ஆர் வயர், அப்ப ஜாக்கின்ர நுனியையும் எக்ஸ்எல்ஆரின்ர பின் 2ஐயும், வளையத்தையும் பின் 3ஐயும் ஒண்டாத்தான் கட்டுவீங்க. போன நிகழ்ச்சியில அந்த சானலுக்கு கண்டென்சர் மைக் இருந்தது, ஃபான்டம் போட்டபடி சேவ் ஆகியிருக்கு. இண்டைக்கு அதே ஓட்டையில கீபோர்ட்டின்ர சாதாரண ரெண்டு முனை ஜாக்கை குத்துறீங்க. பின் 3 நேரா உடம்போட ஷோர்ட், பின் 2ஆல 48 வோல்ட் கீபோர்ட்டின்ர அவுட்புட்டுக்குள்ள ஏறுது. மிக்சருக்கு ஒண்டும் ஆகாது, அதுக்குள்ள 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கு, ஷோர்ட் ஆனாலும் 7 மில்லிஅம்பியர் அளவுதான் போகும். கீபோர்ட்டை அப்பிடி ஆரும் காப்பாத்தி வைக்கேல்லை. "டப்" எண்டு ஒரு சத்தம் ஸ்பீக்கரில, காதுக்குள்ள இன்இயரிலயும். ஆகையால ஜாக்குக்கு ஜாக், மைக்குக்கு எக்ஸ்எல்ஆர், தனித்தனியா.

அந்த ஜாக்குகள் நேரா மிக்சருக்கு போகவும் கூடாது, இடையில டிஐ பொக்ஸ் (ஜாக் சிக்னலை மைக் வயருக்கு ஏத்த மாதிரி மாத்துற சின்னப் பெட்டி) வரோணும். கீபோர்ட்டுக்கும் ஒக்டபாட்டுக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள பசிவ் டிஐ, ரெண்டு சானல் உள்ளதா மூண்டு எடுத்து ராக்குக்குள்ள ஒரு தட்டில இறுக்கி விடுங்கோ, ரேடியல் ப்ரோடி2 மாதிரி. மலிவானதும் கிடைக்கும், ஆனா உள்ள நல்ல ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாட்டி பேஸ் நோட் அடைக்கும், கீபோர்ட்டில இடக்கை வாசிக்கேக்க கேட்டுப் பாத்து வாங்குங்கோ. கிற்றாரும் பேஸும் வேற கதை. அதுகளின்ர பிக்அப்புக்கு பசிவ் டிஐ பாரம் கூட, மேல் சத்தம் செத்துப் போகும். எக்ஸ்ஆர்18இல 1ம் 2ம் இன்புட் ஹைஇசட் (பிக்அப்புக்குப் பாரம் குடுக்காத நிலை) போடலாம், கிற்றாரையும் பேஸையும் பனலில இருந்து நேரா அந்த ரெண்டுக்கும் விடுங்கோ, உள் வயரை முடிஞ்ச அளவு கட்டையா வையுங்கோ.

இனி இரைச்சல். உங்கட லப்டொப் சார்ஜர் மூண்டு பின், எர்த் உள்ளது. மிக்சரும் எர்த் உள்ளது. பிஏ (சபைக்குக் கேட்கிற ஸ்பீக்கர்) சவுண்ட்காரற்ற அம்ப் அந்தப் பக்கம் ஜெனரேட்டரில, அதுவும் எர்த். இந்த எர்த்தெல்லாம் கரண்ட் வயராலயும் தொடுபட்டு ஓடியோ வயரின்ர ஷீல்டாலயும் (உள்கம்பியைச் சுத்தியிருக்கிற உறை) தொடுபடேக்க ஒரு வட்டம் உண்டாகும், அதுக்குள்ள 50 ஹேர்ட்ஸும் அதின்ர மடங்குகளும் சுத்தும். இதுக்கு ஊரில செய்யிற வைத்தியம் பிளக்கின்ர எர்த் பின்னை கழட்டிறது, இல்லாட்டி ரெண்டு பின் அடப்டரில குத்துறது. தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ. 230 வோல்ட், மழைக்கால மேடை, ஈரத்தரை, ஒரு பொடியன் வெறுங்காலோட மைக்கைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையில கிற்றார் கம்பியைத் தொட்டுக்கொண்டு நிப்பான். இரைச்சலை ஓடியோ வயரில வெட்டோணும், கரண்ட் எர்த்தில வெட்டவே கூடாது. ஷீல்டின்ர தொடுகையை வெட்டி விடுற, டிஐயின்ர கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விச் அதுக்குத்தான் இருக்கு. மெயின் லெஃப்ட் ரைட் வெளிய போற இடத்திலயும் ரெண்டு லைன் ஐசொலேசன் ட்ரான்ஸ்ஃபோமர் ராக்குக்குள்ளயே வச்சா எந்த ஊர் ஜெனரேட்டரோடயும் நீங்க சண்டை பிடிக்கத் தேவையில்லை.

பனல் இந்த இடத்தில எப்பிடி கெடுக்கும் எண்டு பாருங்கோ. நீங்க டிஐ போட்டு, லிஃப்டும் அமத்தி, எல்லாம் சரி எண்டு நினைக்கிறீங்க. ஆனா ஜாக் சொக்கெட்டின்ர உடம்பு உலோகம், அது பனலைத் தொடுது, பனல் ராக்கைத் தொடுது, ராக் மிக்சரின்ர எர்த்தைத் தொடுது. கீபோர்ட் வயரின்ர ஷீல்ட் குத்தின உடனேயே பனலால எர்த்துக்குப் போட்டுது, டிஐ சும்மா பாத்துக்கொண்டு நிக்குது. அதால ஜாக் சொக்கெட் எடுக்கேக்க அதின்ர கிரவுண்ட் பனலோட தொடாத மாதிரி பிளாஸ்ரிக் உள்ளதை எடுக்கோணும். பூட்டினாப் பிறகு மல்ரிமீட்டரை பீப் சத்தத்தில வச்சு, ஒரு ஜாக்கை குத்தி அதின்ர உடம்புக்கும் பனல் தகட்டுக்கும் பிடியுங்கோ. பீப் கேட்கக்கூடாது. எட்டு ஜாக்குக்கும் இதைச் செய்யுங்கோ, இந்தக் கட்டுரையில ஒண்டே ஒண்டை மட்டும் ஞாபகம் வச்சிருக்கிறதெண்டா இதை வச்சிருங்கோ.

எக்ஸ்எல்ஆர் சொக்கெட்டின்ர பின்னால மூண்டு காலோட நாலாவதா ஒரு கால் இருக்கும், அது சொக்கெட் உடம்புக்கு. பின் 1ஐயும் அதையும் ஒரு துண்டு வயரால கட்டுறாக்கள் இருக்கினம். உங்கட பனல் சிக்னல் கடந்து போற வழி மட்டும்தான், பின் 1 நேரா மிக்சருக்குப் போகட்டும், அங்க மிக்சரின்ர பெட்டியோட அது சேரும், பனலில கட்ட வேண்டாம். ஷீல்ட் சாமானின்ர பெட்டியோட சேரோணும், உள்ள இருக்கிற சர்க்கிட்டின்ர கிரவுண்டோட சேரக்கூடாது எண்டுறதைத்தான் நீல் மன்சி எண்டவர் 1990கள்ல "பின் 1 பிரச்சினை" எண்டு எழுதி விளங்கப்படுத்தினவர், பிறகு 2005இல ஓடியோ எஞ்சினியரிங் சொசைட்டி அதை ஏஇஎஸ்48 எண்டு தரமாவே ஆக்கினது. பனல் தகடு தனியா எர்த் ஆகோணும், அது வேற விசயம். பவுடர் பெயின்ட் அடிச்ச பனல் ராக்கோட கரண்ட் தொடுகை எடுக்காது, ஒரு ஸ்க்ரூவுக்குக் கீழ பல்லு வச்ச வோஷர் போட்டா பெயின்டைக் கடிச்சுக்கொண்டு பிடிக்கும்.

கரண்ட் உள்ள வாற சொக்கெட்டை இந்த ரெண்டு பனலிலயும் வைக்காதேங்கோ. ராக்கின்ர மற்ற மூலையில தனிய வையுங்கோ. நீல நிற பவர்கோன் (பூட்டு உள்ள கரண்ட் சொக்கெட்) போடுறதெண்டா அது லோட் ஓடேக்க குத்திக் கழட்ட செய்யப்பட்டதில்லை, ஸ்விச்சை நிப்பாட்டிப்போட்டுத்தான். ட்ரூ1 எண்ட வகை எண்டா லோடோடயும் கழட்டலாம், தூசி தண்ணிக்கும் தாங்கும், கடற்கரை மேடையளுக்கு அதுதான் நல்லம். ராக்குக்குள்ள கரண்ட் வயர் ஒரு பக்கச் சுவராலயும் ஓடியோ வயர் மற்றப் பக்கச் சுவராலயும் போகட்டும். குறுக்க வெட்டித்தான் போகோணும் எண்டா செங்குத்தா வெட்டிப் போகட்டும், பக்கத்தில பக்கத்தில நீளமா ஓடக்கூடாது. அடப்டர் கட்டிகளும் ஓடியோ பக்கம் வரக்கூடாது. முப்பது மில்லிஅம்பியர் ட்ரிப் ஸ்விச் உள்ள ஒரு சின்ன பெட்டியை முன்னால போட்டுக்கொள்ளுங்கோ, மண்டபத்தில இருக்கும் எண்டு நம்பிக்கொண்டு போக ஏலாது.

எது எங்க பூட்டுறது? எக்ஸ்ஆர்18இன்ர சொக்கெட் எல்லாம் முன்முகத்தில, டப்லெட்டால நடத்துறபடியா அந்த முகத்தை ஆரும் பாக்கத் தேவையில்லை. மிக்சர் ஒரு முகத்தில நிக்கட்டும், பனல் ரெண்டும் மற்ற முகத்தில. மிக்சருக்கு மேல ஒரு யூ வெறுமனே விட்டா உள்வயர் கட்டு அதாலால முன்னுக்கு வளைஞ்சு வந்து மிக்சரில குத்தி நிக்கும். மேடையில மிக்சர் பக்கத்து மூடியையும் திறந்து விடுங்கோ, சூடு போகட்டும். பனலை ராக்கின்ர விளிம்போட சமமா பூட்டாதேங்கோ. எக்ஸ்எல்ஆர் பிளக்கும் அது வளையிற இடமும் சேந்தா 4 இஞ்சி கிட்ட வெளிய நிக்கும், பனல் விளிம்போட நிண்டா ஆரும் ராக்கைத் தள்ளேக்க பிளக் சுவரில குத்தி சொக்கெட் உடையும். பின்பக்க ரெயிலை உள்ளுக்கு தள்ளி பூட்ட ஏலுமெண்டா தள்ளிப் பூட்டுங்கோ.

உள் வயருக்கு மேடை மைக் கேபிள் வேண்டாம், தடிப்பு கூட, 14 சேந்தா மூடியே பூட்டாது. ஃபொயில் ஷீல்ட் உள்ள மெல்லிய இன்ஸ்டலேசன் கேபிள் எடுங்கோ, பெல்டன் 8451 மாதிரி. அது வளைச்சு வளைச்சு பாவிக்கிறதுக்கு இல்லை, ஒருதரம் கட்டினா அசையாம நிக்கிற இடத்துக்குத்தான், எங்களுக்கு அதுதானே வேணும். எக்ஸ்எல்ஆருக்கு பின் 1 ஷீல்ட், 2 ஹொட் (நேர் சிக்னல்), 3 கோல்ட் (அதின்ர தலைகீழ்). பழைய சாமான் சிலதில 3 ஹொட்டா இருக்கும், 1992இல ஏஇஎஸ்14 வந்தாப் பிறகு 2தான். ஜாக்குக்கு நுனி ஹொட், வளையம் கோல்ட், உடம்பு ஷீல்ட். சோல்டர் ஈயம் கலந்த 63/37 எடுத்தா 183 பாகையில ஒரேயடியா உருகி ஒரேயடியா இறுகும், கை நடுங்கினாலும் மூட்டு கெடாது. அயனை 350 பாகை கிட்ட வச்சு, முதல்ல காலையும் வயரையும் தனித்தனியா ஈயம் பூசிப்போட்டு பிறகு ரெண்டையும் சேருங்கோ, ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள முடியோணும், கூட நேரம் வச்சா சொக்கெட்டின்ர பிளாஸ்ரிக் இளகி பின் சரியும். மூட்டு மினுமினுக்கோணும். ஷீல்ட் வயருக்கு ஹீட்ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்) ஒரு துண்டு போட மறக்க வேண்டாம், ஃபொயில் வயரின்ர அந்த வெறும் கம்பி பக்கத்துக் காலில தொட்டா சானல் ஊமையாகும்.

பனலுக்குப் பின்னால ஒரு கம்பியோ தகட்டுத் துண்டோ குறுக்கால பூட்டி எல்லா வயரையும் அதில கட்டி விடுங்கோ, இழுவை சோல்டரில விழக்கூடாது. பிளாஸ்ரிக் டையை இறுக்கி இழுக்காதேங்கோ, வெல்க்ரோ நாடா காணும். அதோட ஒரு சாண் வயர் கூட விட்டு மடிச்சு வையுங்கோ, அப்பதான் பிறகு பனலை முன்னுக்கு இழுத்து சோல்டர் பாக்கலாம். இதை விடாமக் கட்டின ராக்கில ஒரு சொக்கெட் மாத்த முழு ராக்கையும் பிரிக்கோணும்.

பேர் எழுதிறதில சோம்பல் படாதேங்கோ. வயரின்ர ரெண்டு முனையிலயும் ஒரே இலக்கம், அதுக்கு மேல கண்ணாடி ஹீட்ஷ்ரிங்க், மழை வேர்வை பட்டாலும் அழியாது. பனலில சொக்கெட்டுக்கு கீழ நேராவும் மேல தலைகீழாவும் எழுதுங்கோ. ஏனெண்டா மேடையில நீங்க ராக்குக்கு முன்னால குந்தியிருந்து குத்த மாட்டீங்க, மற்றப் பக்கம் நிண்டு மேலால எட்டிப் பாத்துத்தான் குத்துவீங்க, அப்ப தலைகீழா எழுதினதுதான் நேராத் தெரியும். சொக்கெட்டுக்கு நிற வளையமும் கிடைக்குது, கீபோர்ட் ஒரு நிறம், பாட்டு ஒரு நிறம், வெளிய போறது சிவப்பு எண்டு வச்சா புதுசா வந்த பொடியனும் பிழை விடமாட்டான். வெளிய போற மெயினுக்குப் பக்கத்தில "லைன்" எண்டு பெரிசா எழுதுங்கோ. மெயின் அவுட் +4 டிபியூ, எண்டா 1.23 வோல்ட் அளவு, அதை பிஏக்காரர் தன்ர மிக்சரில மைக் எண்டு நினைச்சு கெய்னைக் கூட்டி வச்சா முதல் நோட்டிலயே கிழியும்.

உப்புக்கு கடைசியா ரெண்டு விசயம். அலுமினியப் பனலில ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ பூட்டினா ரெண்டும் தொடுற இடத்தில உப்பு ஈரம் பட்டு வெள்ளைப் பொடி பூக்கும், ஸ்க்ரூவில துளி கிரீஸ் பூசிப் பூட்டுங்கோ, கிரீஸ் சொக்கெட்டுக்குள்ள போகாம. எர்த்துக்கு கடிக்கிற அந்த ஒரு ஸ்க்ரூவை மட்டும் கிரீஸ் இல்லாம விடுங்கோ. ராக்கை மூடி வைக்கேக்க சிலிக்கா ஜெல் பை ரெண்டைப் போடுங்கோ. சொக்கெட்டுக்கு டிஒக்ஸிட் மாதிரி கொன்டக்ட் கிளீனர் கொஞ்சமா பிளக்கில அடிச்சு குத்திக் கழட்டினாக் காணும், டபிள்யூடி40 சாதாரண டின்னை கொண்டுவந்து சொக்கெட்டுக்குள்ள அடிக்காதேங்கோ, அது விடுற எண்ணெயில தூசி ஒட்டும்.

எல்லாம் கட்டி முடிய மிக்சரில குத்த முன்னம் ஒவ்வொரு வயரையும் மீட்டரால பாருங்கோ. 1க்கு 1, 2க்கு 2, 3க்கு 3 பீப் கேட்கோணும், 1க்கும் 2க்கும் இடையில, 2க்கும் 3க்கும் இடையில, 1க்கும் 3க்கும் இடையில கேட்கக்கூடாது. 2ம் 3ம் மாறியிருந்தா சத்தம் வரும், அதால கனபேர் கவனிக்காம விட்டுவிடுவினம், ஆனா கீபோர்ட்டின்ர ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தா மோனோவில ரெண்டும் ஒண்டையொண்டு தின்னும், பேஸ் காணாமப் போகும். பீப் கேட்டுக்கொண்டிருக்கேக்க வயரை ஆட்டியும் பாருங்கோ. பிறகு மிக்சரில குத்தி, ஃபான்டம் எல்லாத்தையும் நிப்பாட்டி, கீபோர்ட் ஒண்டை மட்டும் கொழுவி இரைச்சலைக் கேளுங்கோ, பிறகு ஒவ்வொண்டா கூட்டிக்கொண்டு போங்கோ, லப்டொப்பைக் கடைசியா. எது கொழுவினாப் பிறகு இரைச்சல் வந்துதோ அங்கதான் வட்டம் மூடுபடுது, அந்த டிஐயின்ர லிஃப்டை அமத்துங்கோ, இல்லாட்டி அந்த ஜாக்கை பனலில இருந்து கழட்டி திரும்ப மீட்டர் பிடியுங்கோ. லப்டொப் கொழுவேக்க மட்டும் வருதெண்டா சார்ஜரைக் கழட்டி பற்றரியில ஓட விட்டுப் பாருங்கோ, நிண்டா யூஎஸ்பி வழியா வருது, அதுக்கு யூஎஸ்பி ஐசொலேட்டர் எண்டு ஒரு சாமான் இருக்கு, வாங்கேக்க ஹை ஸ்பீட், எண்டா 480 மெகாபிட், ஓடுறதா எண்டு கேட்டு வாங்குங்கோ, 12 மெகாபிட் மலிவானதில 18 சானல் ஓடாது.

ஓட்டை வெட்டக் குடுக்க முன்னம் ரெண்டு பனலையும் ஒரு தாளில உண்மையான அளவில கீறி, எந்த ஓட்டையில எது எண்டு எழுதி, அதை ராக்கில ஒட்டிப்போட்டு கையில ஒரு எக்ஸ்எல்ஆரை வச்சு குத்துற மாதிரி பாருங்கோ. கீறினதை படமெடுத்து அனுப்பினா பாத்துச் சொல்லுறன்.